ஆட்டிசம் அசெஸ்மென்டுக்கு மலை இறங்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி பக்கம் இருப்பவர்கள் பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று தனியாரிடம் பார்க்க நினைத்தால் பெரும்பாலும் கோயம்புத்தூருக்குத்தான் இறங்க வேண்டியிருக்கிறது. அசெஸ்மென்ட் கட்டணம், வண்டிச் செலவு, இரண்டு பேருக்கு லீவு. இவ்வளவும் போட்டுப் போனால் பார்க்கிறவர் கையில் பிள்ளை இருப்பது ஒன்றிரண்டு மணி நேரம். மீதி வாழ்க்கை முழுக்க உங்கள் கண்முன் நடப்பது. அதை அவர் முன்னால் கொண்டுபோய் வைக்காமல் திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் பயணம். விடிவதற்கு முன்பே எழுப்பி, தூக்கக் கலக்கத்திலேயே ஸ்வெட்டர் மாட்டி, வளைவில் வாந்தி எடுப்பானே என்று ஒரு மாத்திரையும் கொடுத்து இறக்குகிறோம். வாந்தி மாத்திரைகள் பலவும் தூக்கத்தைக் கொண்டுவருபவை. மேட்டுப்பாளையம் தாண்டியதும் வெயில், டிராஃபிக், அப்புறம் புது இடம், புது முகம். சோர்ந்து கிடக்கிற பிள்ளையைப் பார்த்து ‘கண் பார்க்கவில்லை, பதில் சொல்லவில்லை’ என்று எழுதினால் அதில் எது பிள்ளை, எது மாத்திரை? சில பிள்ளைகள் இதற்கு நேர்மாறாக, சோர்வில் அடங்கிப்போய் ‘ரொம்ப நல்ல பையன்’ என்று பெயர் வாங்கிவிடும். முடிந்தால் முந்தின நாளே இறங்கி, கீழே சொந்தக்காரர் வீட்டில் தங்கி, தூங்கி எழுந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முடியாதென்றால் மதியத்துக்கு நேரம் கேளுங்கள், மாத்திரை கொடுத்ததைச் சொல்லிவிடுங்கள். ஏப்ரல், மே சீசனில் குன்னூர் வழி ஏற, கோத்தகிரி வழி இறங்க என்று மாற்றிவிடுவார்கள், நேரம் கணக்கில் நிற்காது. அந்த மாதங்களைத் தவிர்த்தாலே பாதி நிம்மதி. கூடலூர்க்காரர்களுக்கு மைசூரு வசதி, அங்கே அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இருக்கிறது, அது மத்திய அரசுடையது. ஆனால் பந்திப்பூர் சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதை மனதில் வைத்து நேரம் வாங்குங்கள்.

அடுத்தது, வெறுங்கையோடு போவது. ‘கூப்பிட்டால் திரும்புவானா?’ என்று கேட்டதும், பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருக்கிற கூச்சத்தில், ‘திரும்புவான், மூடு இருந்தா’ என்று சொல்லிவிடுகிறோம். பிள்ளை பாஸாக வேண்டிய பரீட்சை இல்லை இது. வீட்டில் நடப்பதைப் போனில் சின்னச் சின்ன வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்படி மூலையில் உட்கார்ந்து குழம்புச் சட்டி மூடியைச் சுழற்றிவிட்டுச் சுழற்றிவிட்டுப் பார்ப்பது, பின்னாலிருந்து நான்கு தரம் பெயர் சொல்லியும் தலை திரும்பாதது, ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிற சத்தத்துக்கு ஓடிவருவது. இது மூன்றும் ஒரே வீடியோவில் இருந்தால் அரைமணி நேர விளக்கத்தை விட அது அதிகம் சொல்லும். பால்வாடி டீச்சரிடம் நாலு வரி எழுதி வாங்குங்கள். எப்போது உட்கார்ந்தான், எப்போது முதல் வார்த்தை, வந்த வார்த்தை நின்றுபோனதா என்பதை எல்லாம் வீட்டிலேயே எழுதிவைத்துவிடுங்கள். பிஸ்கட் சத்தம் கேட்கிறதே என்று காது பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், பேச்சு தாமதமாகிற பிள்ளைக்கு அது கட்டாயம் வேண்டும்.

மொழி விஷயத்தை இங்கே பலரும் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். வீட்டில் படுக மொழி, தெருவில் தமிழ், ஸ்கூலில் இங்கிலீஷ். கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளமும் சேரும். பார்ப்பவர் தமிழில் ‘மூக்கைக் காட்டு’ என்று கேட்டு, பிள்ளை காட்டாமல் இருந்தால் அது புரியாததாலா, அந்தச் சொல் பழக்கமில்லாததாலா? உள்ளே போனதும் முதல் வேலையாக வீட்டு மொழி இதுதான் என்று சொல்லி, அதே கேள்வியை அந்த மொழியில் நீங்கள் கேட்டுக் காட்ட அனுமதி வாங்குங்கள். பல மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வராது. ஒரே மொழியில் பேசுங்கள் என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காகப் பாட்டி பேரனோடு பேசுவதை நிறுத்துகிற வீடுகளை நினைத்தால் மனசு தாங்கவில்லை. அந்தப் பேச்சு பிள்ளைக்கு வேண்டும்.

யாரிடம் போகிறோம் என்று கேட்காமல் பணம் கட்டுவது இன்னொரு தவறு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். போனிலேயே கேட்கலாம், கேட்டால் கோபப்படுகிற இடம் நமக்கு வேண்டாம். எந்தக் கருவி வைத்துப் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். எம்-சாட் என்பது 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கான 20 கேள்விகள், மேலே பார்க்க வேண்டுமா என்று மட்டும்தான் அது சொல்லும், ஆட்டிசம் என்று உறுதி செய்யாது. கார்ஸ், ஏடாஸ், நம் நாட்டு ஐசா போன்றவை வேறு ரகம், ஆட்டிசத்தை விரிவாக மதிப்பிடும் அளவுகோல்கள், அவையும் பெற்றோரிடம் விவரமாகப் பேசி, பிள்ளையை நேரில் கவனித்த பிறகுதான் அர்த்தப்படும். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்காது. வலிப்பு மாதிரி வேறு சந்தேகம் இருந்தால் டாக்டர் எழுதுவார், அது தனி. அன்றைக்கே முழு வருஷ தெரபி பேக்கேஜுக்கு முன்பணம் கேட்டால் வீட்டுக்கு வந்து யோசிக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள், அதற்கு ஆதாரமில்லை.

ரிப்போர்ட் வரட்டும் என்று பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. அப்பாயின்மென்டுக்குக் காத்திருக்கும் மாதங்களிலேயே தொடங்கலாம்.

தனியார் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று ஃபைலில் வைத்து மூடிவிடுகிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது, ஆனால் சலுகைகளுக்கு வேண்டியது அரசு மருத்துவக் குழு தரும் சான்றிதழும், யூ.டி.ஐ.டி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும்தான். அங்கே ஐசா அளவுகோலில் மறுபடி பார்ப்பார்கள்: 40 கேள்விகள், மொத்த மதிப்பெண் 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. பெரும்பாலான சலுகைகளுக்குச் சான்றிதழில் குறைந்தது 40 சதவீதம் குறைபாடு இருக்க வேண்டும். தனியார் ரிப்போர்ட்டை அந்த நாளில் கூடவே எடுத்துப் போங்கள், உதவும். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், வருமான வரிக் கழிவு, மத்திய அரசின் நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு என்று பின்னால் வருபவை பல. முகாம் எப்போது என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பெரியவர்கள் விஷயத்தில் சிக்கல் வேறு. முப்பது வயதில் ஒருவர் ‘எனக்கும் இது இருக்குமோ’ என்று கேட்டால், கல்யாணமாகி வேலைக்குப் போகிறவருக்கு என்ன ஆட்டிசம் என்று வீட்டில் வாயை அடைத்துவிடுகிறார்கள். குறிப்பாகப் பெண்கள், சின்ன வயதிலிருந்தே அடுத்தவரைப் பார்த்துப் பார்த்துப் பழகி மறைத்துக்கொண்டதால், பதற்றம், மனச்சோர்வு என்றே வருஷக் கணக்கில் மாத்திரை சாப்பிட்டிருப்பார்கள். குழந்தைகளை மட்டும் பார்க்கிற இடத்துக்குப் போய்ப் பயனில்லை. பெரியவர்களை மதிப்பிட்ட அனுபவம் உண்டா என்று நேரம் வாங்கும் முன்பே கேளுங்கள், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை வரை போகவும் யோசிக்காதீர்கள். ஆன்லைனில் மார்க் போட்டுப் பார்த்ததை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்ன வயதில் எப்படி இருந்தீர்கள் என்பதுதான் அங்கே முக்கியக் கேள்வி. அதற்கு உங்கள் நினைவு மட்டும் போதாது. அம்மாவையோ பெரியம்மாவையோ கூட்டிப் போங்கள், பழைய ரேங்க் கார்டு கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அவர்கள் பயணத்துக்குத் தாங்கமாட்டார்கள் என்றால் மருத்துவர் போனில் பேச ஒரு நேரத்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.