கேப்பர் மலையில் நடக்க வருவோர் காலை வேளையைக் காத்துக்கொள்ளுங்கள்

கடலூருக்கோ புதுச்சேரிக்கோ விடுமுறையில் வரும் நம்மவர்களில் பலர் கடற்கரையைப் பார்த்துவிட்டு, உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டு, விமானம் ஏறிவிடுகிறார்கள். கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வந்தால் செம்மண் மேடும் முந்திரிக் கொல்லைகளும் மழைநீர் அறுத்த ஓடைகளும் இருக்கின்றன. கால் நோக நடக்கலாம். கடந்த பிப்ரவரியில் என் பதினான்கு வயது மகனை அழைத்துக்கொண்டு பாரிஸிலிருந்து வந்தது இந்த நடைக்காகத்தான். ஒன்பது நாட்களில் நாங்கள் விரும்பியபடி நடந்தது இரண்டு நாட்கள் மட்டுமே. மற்றவர்களுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

கேப்பர் மலை என்ற பெயரை நம்பிச் சிகரத்தைத் தேட வேண்டாம். கெடிலம் ஆற்றுக்குத் தெற்கே எழும் செம்மண் மேடு அது. நிலவியலாளர்கள் கடலூர் மணற்கல் என்று குறிப்பிடும் பாறை இந்த மேட்டுக்கு அடியில் இருக்கிறது. அதே வகைப் பாறைதான் வடக்கே திருவக்கரையிலும் தெரிகிறது. அங்கே ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையான மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 1940 முதல் பாதுகாக்கப்பட்டுவரும் இடம் என்பதால், பிள்ளைகள் ஒரு சில்லைக்கூடப் பையில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையேற்றத்துக்கு அனுமதி வேண்டுமா என்று வெளிநாட்டு நண்பர்கள் கேட்கிறார்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளை இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு நடக்கும்படி திறந்துவிட்டது. கடலூர் மாவட்டத்துப் பாதை எதுவும் அந்த 40-இல் இல்லை. காப்புக்காடு என்று பலகை இருக்கும் இடத்தில் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. மற்றபடி கேப்பர் மலையில் நாம் நடப்பவை பெரும்பாலும் கொல்லைகளுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதைகள். அங்கே அனுமதி என்பது கொல்லைக்காரர் கேட்கும் ஒரே கேள்விக்கு நாம் சொல்லும் பதில்தான்: "யார் வீட்டுப் பிள்ளை நீ?" மார்ச் முதல் மே வரை கொட்டை பொறுக்கும் காலத்தில் இந்தக் கேள்வி கடுமையாகவே வரும். ஆகவே உள்ளூர்க்காரர் ஒருவர் கூட வர வேண்டும். எனக்கு அப்படி வரக்கூடியவர் என் சித்தப்பா மட்டுமே.

வந்த இரண்டாம் நாளே சித்தப்பா பேச்சை எடுத்தார். எங்கள் ஒரு ஏக்கர் அறுபது சென்ட் முந்திரிக் கொல்லையின் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. அப்பா இறந்துவிட்டதால் அவர் பங்குக்கு நான் ஒருத்தியே வாரிசு. "வந்தது வந்துட்ட, விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா, அரை நாள் வேலை" என்றார். என் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித்தரும் பத்திரம் அது. அரை நாள்தானே என்று நானும் சம்மதித்தேன்.

முதல் நாள் காலை எட்டு மணிக்கே பதிவு அலுவலகத்தின் வெளித்திண்ணையில் போய் உட்கார்ந்தோம். பிற்பகல் ஒரு மணிக்கு என் முறை வந்தது. பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்தும், கடவுச்சீட்டில் கணவர் பெயரும் இருப்பதால், இரண்டும் ஒரே நபர்தான் என்று சான்று வாங்கி வரச் சொன்னார்கள். மறுநாள் அந்தச் சான்றுக்காக இன்னோர் அலுவலகத்துக்குப் போனோம். கையெழுத்திட வேண்டியவர் ஆய்வுக்குப் போயிருந்தார். மூன்றாம் நாள் சான்று கிடைத்தது, அலுவலகத்தில் சர்வர் வேலை செய்யவில்லை. நான்காம் நாள் சர்வர் வேலை செய்தது. அன்றைக்குப் பார்த்து, அப்பாவின் இறப்புச் சான்றிதழ் பிரெஞ்சு மொழியில் இருக்கிறது, மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார்கள். முதல் நாளே அந்தத் தாளைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தவர்தான் இதைச் சொன்னார். நான் குரலை உயர்த்திவிட்டேன். அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா என்னை ஒன்றும் சொல்லாமல், அந்த அலுவலரைப் பார்த்து, "பிள்ளை வெளியூர்ல இருக்குது, கோச்சுக்காதீங்க" என்றார். அவர் என் பொருட்டு மன்னிப்புக் கேட்ட அந்த நொடி இன்னும் என் நெஞ்சில் உறுத்துகிறது.

எனவே, சொத்து தொடர்பான வேலை எது இருந்தாலும் கிளம்பும் முன்பே அங்கிருந்தே தொடங்கிவிடுங்கள். இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகார ஆவணத்தை (நமக்காக இன்னொருவர் கையெழுத்திட உரிமை தரும் பவர் பத்திரம்) அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை செலுத்திப் பயன்படுத்திக்கொள்ளலாம். பிறமொழிச் சான்றிதழ்களை மொழிபெயர்த்துச் சான்றளித்துக் கொண்டுவாருங்கள். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருப்போர் வேளாண் நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, பரம்பரையாகப் பெறலாம். கைவிட்டுப் போனால் திரும்ப வாங்க வழியில்லாத நிலம் அது என்பதை அறிந்தே கையெழுத்திடுங்கள்.

காலை வேளைக்காக இவ்வளவு ஆதங்கப்படுவதற்குக் காரணம் உண்டு. பிப்ரவரியில்கூட ஒன்பதரை மணிக்கு மேல் செம்மண் தரை கொதிக்கத் தொடங்கிவிடும். ஐந்தரைக்குக் கிளம்பினால் மூன்று மணி நேரம் சுகமாக நடக்கலாம். ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் வருவோருக்கு அந்த மூன்று மணி நேரமும் கிடைக்காது. டிசம்பரில் புயலும் மழையும் இருக்கும், ஓடைகளின் கரை சரியும். மழை ஓய்ந்து முந்திரி பூக்கும் தை, மாசியே ஏற்ற காலம். அந்தப் பூவின் மணம் விடியற்காலையில் மேடு முழுவதும் பரவியிருக்கும். முந்திரிச் சருகு கணுக்கால் வரை மூடும் என்பதால் கையில் தடி வைத்துத் தட்டிக்கொண்டே நடங்கள். சுருட்டை விரியன் சருகுக்குள் தெரியாது. கடித்தால் கட்டுப் போடுவதிலும் பச்சிலையிலும் நேரத்தைக் கழிக்காமல் அரசு மருத்துவமனைக்கு நேராகப் போய்விடுங்கள். பச்சைக் கொட்டையைப் பிள்ளைகள் கடிக்க விடாதீர்கள். ஓட்டுப்பால் பட்டால் உதடு வெந்துவிடும். என் ஆயா (பாட்டி) உடைந்த பானையில் கொட்டையைப் போட்டு, தீப்பிடித்துக் கரும்புகை அடங்கியதும் மண்ணை அள்ளிப் போட்டு அணைத்து, பிறகுதான் எங்களைக் கிட்டே விடுவார். அவர் விரல் நுனிகள் எப்போதும் கறுத்துத் தோல் உரிந்தே இருக்கும்.

நேரம் குறைவாக இருந்தால் திருவந்திபுரம் போதும். கெடிலம் அங்கே வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. 74 படி ஏறினால் ஔஷதகிரி மேல் ஹயக்ரீவர் சன்னதி. புதுச்சேரியில் தங்குவோர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டைப் பார்க்கலாம். இந்தக் கடலோரத்துக்கே உரிய உலர் பசுமைக்காட்டில் மிஞ்சியிருப்பவற்றுள் அதுவும் ஒன்று. அங்கே ஒரு சுள்ளியையும் ஒடிக்காதீர்கள். அந்தக் காடு தப்பிப் பிழைத்ததே சாமிக்குப் பயந்து யாரும் ஒடிக்காததால்தான்.

பத்திரம் பதிவாகவில்லை. கடைசி நாளுக்கு முந்தைய மாலை, அலுவலகத்திலிருந்து திரும்பியதும், சித்தப்பாவே எங்களைக் கொல்லைக்கு அழைத்துப் போனார். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கரையைக் கடந்தபோது இங்கே இருந்த மரங்களில் நான்கைத் தவிர அத்தனையும் விழுந்துவிட்டன. அன்று நான் பாரிஸில் புத்தாண்டுக்குச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன். மறுநாள்தான் தொலைபேசியில் கேட்டேன், கேட்டதோடு சரி. விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தி, கன்று நட்டு, குடத்தில் நீர் சுமந்து ஊற்றியவர் அவர். பட்டா தன் பெயரில் இல்லாததால் கூட்டுறவுக் கடன் கிடைக்காமல், வட்டிக்கு வாங்கித்தான் நட்டார் என்பதையும் அன்றுதான் என் மகனிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

அடுத்த பிப்ரவரிக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். மொழிபெயர்ப்பும் தயாராக இருக்கிறது. முதல் இரண்டு நாட்கள் சித்தப்பாவின் வேலைக்கு, மற்ற காலைகள் நடைக்கு. எங்கள் கொல்லை வழியாக நடக்க விரும்புவோர் தாராளமாக வரலாம். வடகிழக்கு மூலையில் புயலில் சாய்ந்தும் சாகாமல் நிற்கும் பலா வரை பாதை தெளிவாக இருக்கிறது. அதற்கு அப்பால் பக்கத்துக் கொல்லைக்காரர் முள்வேலி போட்டிருக்கிறார். வலப்பக்கமாக ஓடையில் இறங்கி ஏறினால், பனைகளின் தலைக்கு மேல் கடல் ஒரு நீலக் கோடாகத் தெரியும்.