வேலூரில் உட்கார்ந்தபடி துருவ நூலகத்தில் தேடுவது எப்படி?

போன மே மாதம், அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருந்தபோது, காட்பாடியில் இருக்கும் அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, காலேஜ்ல அண்டார்டிகா பத்தி ப்ராஜெக்ட் குடுத்திருக்காங்க. எதைத் தேடினாலும் பென்குயின் படமா வருது." நல்ல நேரம் பார்த்துக் கொடுத்தார்கள் தலைப்பை! ஃபேன் காற்றே சுடுகிற மதியத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஐஸைத் தேடினோம். அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆர்க்டிக், அண்டார்டிகா ஆகியவற்றுக்கென்றே தனி நூலகங்கள் இருக்கின்றன. பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கேம்பிரிட்ஜின் ஸ்காட் துருவ ஆராய்ச்சி நிறுவனம். தென்துருவம் போய்த் திரும்பும் வழியில் பிரிட்டிஷ் பயணி ஸ்காட்டும் அவருடைய நான்கு தோழர்களும் 1912-ல் இறந்தபோது மக்கள் அள்ளிக் கொடுத்த நன்கொடையில் மிஞ்சிய பணம் உதவ, அதே பயணத்தில் போயிருந்த ஃப்ராங்க் டெபன்ஹாம் 1920-ல் தொடங்கி வைத்தது. ஸ்காட்டின் டெர்ரா நோவா கப்பலில் இருந்த மணியை இன்றும் டீ நேரத்துக்கு அங்கே அடிக்கிறார்கள். நம் நாட்டில் இந்தத் துறைக்குக் கோவாவில் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இந்தியப் பயணங்களைப் பற்றித் தேடுபவர்கள் அதன் இணையதளத்திலிருந்து தொடங்கலாம்.

படி 1: 'அண்டார்டிகா' என்று தேடாதீர்கள்

சந்தையில் போய்க் கத்திரிக்காய் என்று கேட்டால் கைக்கு வந்ததை அள்ளிப் போடுவார்கள். இலவம்பாடி முள்ளுக் கத்திரி என்று கேட்டால்தான் கேட்டது கிடைக்கும். இங்கேயும் அதேதான். அண்டார்டிகாவில் இந்தியாவின் மைத்ரி ஆராய்ச்சி நிலையம் இருக்கும் இடம் ஷிர்மாக்கர் ஒயாசிஸ். பனிப் பாலைக்கு நடுவே ஐஸ் மூடாமல் பாறை தெரியும் குன்றுகள். நூலகத்தின் இணைய கேட்டலாக்கில் (நூல் பட்டியலில்) அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் கொடுத்துப் பாருங்கள். நம்முடைய கட்டுரைகளோடு, பக்கத்திலேயே நொவோலாசரெவ்ஸ்கயா நிலையத்தை வைத்திருக்கும் ரஷ்யர்களுடையதும், ஒரு காலத்தில் அங்கே இருந்த கிழக்கு ஜெர்மானியர்களுடையதும் வரும்.

படி 2: அந்த இடத்தின் எல்லாப் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள்

இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கியிருக்கிறேன். ராணிப்பேட்டை மாவட்டம் 2019-ல்தான் பிறந்தது. 1970-ல் எழுதிய ஓர் ஆவணத்தை அந்தப் பெயரில் தேடினால் கிடைக்குமா? அதில் 'வட ஆற்காடு' என்றுதானே இருக்கும்! 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, அப்புறம் மீதியும் மூன்றாகப் பிரிந்தது. வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, பழைய பத்திரம் தேடிய அனுபவம் வீட்டுக்கு வீடு உண்டு.

துருவத்திலும் இதே கூத்துதான். ஆர்க்டிக்கில் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் இருக்கும் தீவுக்கூட்டத்தை இன்று ஸ்வால்பார்ட் என்கிறோம். பழைய நூல்களில் தீவுக்கூட்டம் முழுவதற்குமே ஸ்பிட்ஸ்பெர்கன் என்று பெயர். மைத்ரிக்குத் தண்ணீர் தரும் ஏரி நமக்குப் பிரியதர்ஷினி, மற்றவர்களின் கட்டுரையில் அது ஸூப் ஏரி. அக்கா மகள் பிரியதர்ஷினி என்று மட்டும் தேடிவிட்டு "கொஞ்சம்தான் மாமா இருக்கு" என்றாள். இரண்டாவது பெயரைக் கொடுத்ததும் பட்டியல் நீண்டுவிட்டது. ஒரு நோட்டில் இடது பக்கம் புதுப் பெயர், வலது பக்கம் பழைய பெயரும் பிறர் வைத்த பெயரும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பனி எத்தனை வகை?

நமக்கு மார்கழிப் பனியும் பனிதான், அண்டார்டிகாப் பனியும் பனிதான். நூலகக் கேட்டலாக் அப்படி விடாது. ஸ்நோ வேறு, கடல்நீர் உறைந்த ஸீ ஐஸ் வேறு, நிலத்திலிருந்து வழிந்து கடல்மேல் மிதக்கும் ஐஸ் ஷெல்ஃப் வேறு. 1983-ல் அமைத்த தட்சிண கங்கோத்ரி நிலையம் ஐஸ் ஷெல்ஃப் மேல் இருந்ததால்தான் பனியில் புதைந்துபோனது. அடுத்து வந்த மைத்ரியைப் பாறைமேல் கட்டினார்கள். சொல்லை மாற்றிப் போட்டால் வேறு அலமாரிக்குப் போய்விடுவீர்கள்.

படி 4: ஆண்டை இரட்டையாகப் போடுங்கள்

அங்கே கோடைக்காலம் டிசம்பர், ஜனவரியில் வருவதால் ஒரே பயணம் இரண்டு ஆண்டுகளில் விழும். டாக்டர் காசிம் தலைமையில் போன முதல் இந்தியக் குழு 1981 டிசம்பர் 6-ல் கோவாவிலிருந்து கிளம்பி, 1982 ஜனவரி 9-ல் அண்டார்டிகாவில் இறங்கியது. இரண்டு ஆண்டுகளிலும் தேடுங்கள்.

படி 5: உள்ளூர் அலமாரியையும் பாருங்கள்

உங்கள் ஊர் நூலகத்தில் டியூயி முறைப்படி (நூல்களுக்குத் துறைவாரியாக எண் கொடுக்கும் முறை) அடுக்கியிருந்தால், துருவப் பயணங்கள் 919.8-லும் பனியாறுகள் 551.31 பக்கத்திலும் இருக்கும். ஒன்றோ இரண்டோ கிடைத்தாலும் லாபம்தான்.

படி 6: நூலகருக்கு மெயில் எழுதுங்கள்

பயப்பட வேண்டாம். 1971-லிருந்து மாநாடு கூடிப் பேசுகிற சின்னக் கூட்டம் துருவ நூலகர்கள். கேள்வி சரியாக இருந்தால் ஆர்வமாகவே பதில் எழுதுவார்கள். நான் முதன்முதலில் ஒரு நூலகத்துக்கு எழுதியது, "அண்டார்டிகா பற்றி உள்ளதை எல்லாம் அனுப்பவும்." உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று மரியாதையாகத் திருப்பிக் கேட்டிருந்தார்கள். இப்போது மூன்றே விஷயம்தான் எழுதுகிறேன்: எந்த இடம், எந்த ஆண்டுகள், ஏற்கெனவே எங்கே தேடிப் பார்த்தேன். புதிதாக வந்த நூல்களின் பட்டியல் எங்கே வெளியாகிறது என்றும் கூடவே கேட்டுவிடுங்கள்.

கேம்பிரிட்ஜுக்கு எழுதுவதானால், கோடையில் நம் மதியம் மூன்றரைக்கு அனுப்புங்கள். அங்கே காலை பதினொன்று, ஆட்கள் இருக்கையில் இருக்கும் நேரம். பழைய ஊர்ப்பெயரையும் மெயிலிலேயே சேர்த்துவிட மறக்காதீர்கள்.