வெள்ளரி புதினா தண்ணியும் வெட்டிவேர் பானைத் தண்ணியும்

வெயில் ஆரம்பிச்சுட்டா எங்க வீட்ல ரெண்டு தண்ணி எப்பவும் ரெடியா இருக்கும், ஃப்ரிட்ஜ்ல கண்ணாடி ஜார்ல எலுமிச்சை வெள்ளரி புதினா போட்டது ஒன்னு, மண்பானைல வெட்டிவேர் போட்டது ஒன்னு. பசங்க கூல்டிரிங்க்ஸ் கேக்குறது கொறஞ்சதே இதனாலதான், அதான் வெலாவாரியா சொல்றேன்.

மொதல்ல ஜார் தண்ணி. 1 லிட்டருக்கு பாதி எலுமிச்சம்பழம், பாதி வெள்ளரிக்கா, 8-10 புதினா இலை போதும். எல்லாத்தையும் தோலோட போடுறோம்ல, அதனால கல்லுப்பு வச்சு தேய்ச்சு கழுவிட்டு நறுக்குங்க. வெள்ளரிய ஒரு துண்டு வாயில போட்டு பாத்துருங்க, கசப்புக் காயா இருந்தா மொத்த ஜாரும் வீணாப்போயிரும். புதினாவ அரைக்கவே வேணாம், உள்ளங்கைல வச்சு ஒரு தட்டு தட்டினாலே வாசம் வந்துரும். தண்ணி காய்ச்சி நல்லா ஆறினதா இருக்கணும், சூட்டோட ஊத்துனா புதினா கறுத்துரும்.

நெறைய பேர் கோட்டை விடுற எடம் எலுமிச்சைதான். ராத்திரி போட்டு வச்சுட்டு காலைல குடிச்சா கசக்குதுன்னு சொல்லி அதோட விட்டுர்றாங்க, ஆனா கசப்பு வர்றது தோலுக்கு உள்பக்கம் இருக்குற வெள்ளையில இருந்தும் கொட்டையில இருந்தும்தான். கொட்டைய எடுத்துட்டு மெல்லிசா நறுக்கி போட்டு 2-3 மணி நேரத்துல வெளிய எடுத்துருங்க, ராத்திரி முழுக்க ஊறணும்னா தோலையும் அந்த வெள்ளையையும் சேத்து சீவிட்டு போடுங்க. ஆரஞ்சு, சாத்துக்குடிக்கும் இதேதான். தர்பூசணி சீக்கிரம் கொழஞ்சுரும், இஞ்சியும் அன்னாசியும் நல்லா தாங்கும். செம்பு, பித்தளை பாத்திரம் மட்டும் வேணவே வேணாம், புளிப்பு பட்டா உலோகம் தண்ணில எறங்கும். ஃப்ரிட்ஜ்ல 1 நாள், வெளிய வச்சா 2 மணி நேரத்துக்குள்ள குடிச்சு முடிச்சுருங்க.

உடம்புக் கழிவையெல்லாம் இது வெளியேத்தும்னு சொல்றத நம்பாதீங்க, அதுக்கு கல்லீரலும் கிட்னியும் இருக்கு. சர்க்கரை இல்லாம ரெண்டு டம்ளர் தண்ணி கூட உள்ள போகுதுல்ல, எனக்கு அது பெருசு.

இப்ப வெட்டிவேர், எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான். நாட்டு மருந்து கடைல கெடைக்கும், செயற்கை வாசனை ஏத்துனது இல்லையான்னு கேட்டு வாங்குங்க. வேர்ல மண்ணு நெறைய ஒட்டியிருக்கும், அலசுற தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் விடாம அலசணும், அப்புறம் ஒரு சின்ன கைப்பிடி எடுத்து வெள்ளைத் துணில முடிஞ்சு பானைல போடுங்க. புதுப் பானைன்னா 2-3 நாள் தண்ணி ஊத்தி ஊத்தி கொட்டிட்டுதான் பொழங்கணும், இல்லேன்னா மண்வாடைதான் தூக்கலா இருக்கும். காத்து படுற எடமா பாத்து வைங்க, பானை வழியா தண்ணி கசிஞ்சு ஆவியாகறதாலதான் உள்ள இருக்குறது குளுகுளுன்னு ஆகுது. சாயங்காலம் போட்டா காலைல வாசம் எறங்கியிருக்கும். தெனமும் தண்ணிய மாத்துங்க, மூணு நாளைக்கு ஒரு தடவ முடிச்சப் பிரிச்சு வேர வெயில்ல நல்லா காய வச்சு திரும்பப் போடலாம், வாசம் போனதும் புது வேர் மாத்திருங்க.