கோலாலம்பூர் மழையில் பைன் போன்சாய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் பைன் போன்சாய், அதாவது தொட்டியில் குட்டையாக வளர்க்கும் பைன் மரம், நிலைக்காது என்று சொல்வார்கள். நிலைக்கும், சரியான மரத்தை வாங்கினால். சுங்கை பூலோ பக்கம் நர்சரிகளில் தேடும்போது ஊசியிலையை மெல்ல இழுத்துப் பாருங்கள். மூட்டு மூட்டாகக் கழன்று வந்தால் அது ரூ, அதாவது சவுக்கு. அருமையான மரம்தான், ஆனால் தண்ணீர் நிறையக் கேட்கும். பைனைப் போல வைத்தால் காய்ந்துவிடும். ஊசிகள் அடியில் ஒரே உறைக்குள் இரண்டிரண்டாக இருந்தால் பெரும்பாலும் ஜப்பானியக் கரும்பைன். நம் ஊருக்கு அது போதும். ஐந்தைந்தாக இருந்தால் வெண்பைன். குளிர்காலத்தில் ஓய்வெடுத்தே பழகிய மரம் அது, இங்கே கொஞ்சம் கொஞ்சமாக நலிந்துவிடும். எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

இங்கே பைன் சாவது பெரும்பாலும் வெயிலால் இல்லை, வேர் அழுகித்தான். பையில் விற்கும் கறுப்பு மண்ணில் நட்டுவிடுகிறோம். மாலையில் இடியோடு மழை கொட்டுகிறது. மறுநாள் காலையில், வழக்கமாயிற்றே என்று மறுபடியும் ஊற்றுகிறோம். வேருக்குக் காற்றே கிடைப்பதில்லை. பியூமிஸ் (நுரைக்கல்), எரிமலைக் கல், கரடுமுரடான ஆற்று மணல் போன்றவற்றைச் சலித்து, தூளைக் கொட்டிவிட்டு, 3 முதல் 6 மில்லிமீட்டர் பருமன் உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அகடாமா என்ற ஜப்பானியக் களிமண் உருண்டைகளும் நல்லதுதான், ஆனால் நம் மழையில் சீக்கிரம் கரைந்து குழைந்துவிடும். அதை மட்டும் நம்ப வேண்டாம். சாப்பிடப் பயன்படுத்தும் மரக்குச்சி (சாப்ஸ்டிக்) ஒன்றை மண்ணில் குத்தி வையுங்கள். உருவும்போது ஈரமாக வந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். தொடர்ந்து மழை பெய்யும் நாட்களில் தொட்டியின் ஒரு பக்கம் கட்டை வைத்துச் சாய்த்து விடலாம், நீர் வேகமாக வடியும்.

பைன் ஏமாற்றும் மரம் என்பதும் நினைவிருக்கட்டும். வேர் செத்த பிறகும் ஊசிகள் பல வாரம் பச்சையாகவே நிற்கும். அவை பழுத்து மஞ்சளாகும்போது கவனித்தால் நேரம் கடந்திருக்கும். அதனால் நிறத்தைவிடக் குருத்தைப் பாருங்கள்: குருத்து வளர்கிறதா என்பதே உண்மையான செய்தி.

தொட்டி மாற்றும்போது வேரில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தால் நோய் என்று பயந்து கழுவிவிடுவார்கள். மரத்துக்கு உணவு எடுத்துக் கொடுப்பதே அதுதான். பழைய மண்ணில் ஒரு பகுதியை அப்படியே விட்டுவிடுங்கள்.

அப்புறம் வெட்டுவது. ஊசியே இல்லாத கட்டை வரைக்கும் வெட்டினால் அந்தக் கிளை அநேகமாகத் திரும்பத் துளிர்க்காது. ஜப்பானில் ஜூன், ஜூலையில் இளங்குருத்தை வெட்டுகிறார்கள் என்று நாமும் அதே மாதத்தில் கத்தரியை எடுப்பதில் அர்த்தமில்லை. அங்கே பருவம் உண்டு, இங்கே ஆண்டு முழுவதும் ஒரே வெப்பம். மரம் திடமாக இருக்கும்போது மட்டும் வெட்டுங்கள். தொட்டி மாற்றிய கையோடு வேண்டவே வேண்டாம்.

கொண்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) இருப்பவர்கள் தினமும் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படும் பால்கனி இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். ஏர்கான் அறைக்குள் அழகுக்காக வைப்பது இந்த மரத்துக்கு ஆகாது.

கிளையை வளைத்து வடிவமைக்கக் கம்பி கட்டியிருந்தால் வாரம் ஒருமுறை கிளையைத் தடவிப் பாருங்கள். இந்த வெப்பத்தில் கிளை வேகமாகப் பருத்து, கம்பி பட்டைக்குள் இறங்கிவிடும். எடுக்கும்போது சுற்றி அவிழ்க்காமல் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள், கிளை முறியாது.