எலுமிச்சை என்று வாங்கினேன்: டைஹைட்ரோமிர்செனாலில் சறுக்கும் இடங்கள்

டைஹைட்ரோமிர்செனால் என்ற செயற்கை வாசனைப் பொருளின் பாட்டிலை முதன்முதலாகத் திறப்பவர்கள் பெரும்பாலும் முகம் சுளிப்பார்கள். "எலுமிச்சை மாதிரி ஃப்ரெஷ்ஷா இருக்கும்" என்று சொல்லி விற்றிருப்பார்கள். மூக்கில் ஏறுவதோ சலவைத் தூளும் தகரமும் கலந்தது போன்ற காட்டம். பொருளில் கோளாறு இல்லை, பாட்டில் வாயில் மூக்கை வைத்ததுதான் தப்பு. 1 கிராமை 9 கிராம் ஆல்கஹாலில் கலந்து, காகிதக் கீற்றில் தொட்டு, ஆல்கஹால் பறக்க ஒரு நிமிடம் விட்டு முகர்ந்து பாருங்கள். பச்சை எலுமிச்சைத் தோல், லேசாக லாவெண்டர், வெயிலில் காய்ந்த துணி என்று ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும்.

கவனியுங்கள், தோல்தான் வரும், சாறு வராது. இதன் பூர்விகமே பழம் இல்லை. பைன் மரத்து டர்பண்டைனில் உள்ள பைனீனிலிருந்து செய்கிறார்கள். ஆகவே இதை மட்டும் ஊற்றிவிட்டு "லெமன் சோப்பு" என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பழத்தின் புளிப்பு வேண்டுமென்றால் ஆரஞ்சு எண்ணெயோ, எலுமிச்சை எண்ணெயோ, எலுமிச்சை மணம் தரும் சிட்ரால் ஒரு துளியோ கூடவே வேண்டும். லேபிளில் வெட்டிய எலுமிச்சைப் படம் போட்டு "இயற்கை" என்று அச்சடிப்பதும் வேண்டாம்.

நான் வசமாக மாட்டியது அளவில். 1982-இல் வந்த ட்ராக்கார் நுவார் என்ற ஆண்கள் சென்ட்டில் இது சுமார் 10 சதவீதம், 1988-இல் வந்த கூல் வாட்டர் சென்ட்டில் 20 சதவீதத்தை ஒட்டி என்று வாசனைத் தொழிலில் சொல்வார்கள். அதைப் படித்த வேகத்தில் என் கலவையிலும் 20 சதவீதம் போட்டேன். சட்டையில் அடித்துக்கொண்டு கீழே இறங்கினால் பக்கத்து வீட்டு அக்கா, "என்ன தம்பி, காலையிலயே பாத்ரூம் கழுவுனியா?" என்றார். அவர் மூக்கைக் குறை சொல்ல முடியாது. இத்தனை ஆண்டுகளில் சலவைத் தூளிலும் குளியலறைத் திரவங்களிலும் இதே வாசனை நிறைந்துவிட்டது. அந்த 20 சதவீதத்தைத் தாங்க கூல் வாட்டரில் அடியில் மரம், கஸ்தூரி, லாவெண்டர் என்று பெரிய கூட்டமே இருந்தது. என்னிடம் இருந்தது கொஞ்சம் ஆரஞ்சு எண்ணெய். இப்போதெல்லாம் 2 சதவீதத்தில் தொடங்கி, அரை அரையாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் மறுநாள் முகர்ந்து பார்த்த பிறகே அடுத்த படி.

சொட்டுக் கணக்கும் வேண்டாம். டிராப்பருக்கு டிராப்பர் சொட்டின் எடை மாறும். சிரிஞ்சில் எடுத்தாலும் 10 மில்லி என்பது 10 கிராம் ஆகாது, 8.3 கிராம் அளவில்தான் நிற்கும். 0.01 கிராம் காட்டும் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

சோப்புக்காரர்கள் வேறு இடத்தில் தடுக்குகிறார்கள். எலுமிச்சை வாசனைக்கு சிட்ராலை அள்ளிப் போடுவார்கள். அது ஆல்டிஹைடு என்ற, எளிதில் வினைபுரியும் வகை, காஸ்டிக் சோடாவின் காரத்தில் வாசனை செத்து, கட்டி மஞ்சளாகும். டைஹைட்ரோமிர்செனால் அந்தக் காரத்தைத் தாங்கும். அது முதுகெலும்பாக இருக்க, சிட்ரால் கொஞ்சம் சேர்ந்தால் போதும். சிட்ரால் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும், அதற்கு இஃப்ரா என்ற சர்வதேச வாசனைத் தொழில் அமைப்பு வரம்பும் வைத்திருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். டைஹைட்ரோமிர்செனாலும் நீர்க்காமல் கையில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம்.

தரை துடைக்கும் திரவத்தில் நேரடியாக ஊற்றினால் மேலே எண்ணெய்ப் படலமாக மிதக்கும், ஏனென்றால் இது தண்ணீரில் சரியாகக் கரையாது. முதலில், எண்ணெயைத் தண்ணீரோடு சேர வைக்கும் பாலிசார்பேட் 20-இல் கலந்து, பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். கலங்கினால் பாலிசார்பேட் போதவில்லை என்று பொருள்.

கடைசியாக, பழைய சரக்கு. ஆறு மாதம் கழித்து வாசனை டர்பண்டைன் மாதிரி அடித்தால் பழி பெரும்பாலும் இதன் மேல்தான் விழும். அநேகமாகக் கெட்டது கூட இருந்த ஆரஞ்சு எண்ணெயின் லிமோனீன்தான். காற்றுப் பட்டுப் பழசானால் வாசனை கெடுவதோடு தோலையும் அது உறுத்தும். பாதி காலியான பாட்டிலில் விட்டுவைக்காமல், மீதியைக் கழுத்து வரை நிரம்பும் சின்னப் பாட்டிலுக்கு மாற்றி, மூடி மேல் தேதி எழுதி, இருட்டான அலமாரியில் வையுங்கள்.