இழுத்துக்கொண்டு ஓடும் குதிரையை முள் கடிவாளம் இல்லாமல் ஓட்டுவது எப்படி?

"கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்." வேலைக்கு ஒளிகிறவர்களைத் திட்ட நம் ஊரில் சொல்வது இது. லாயத்தில் ஆறு வருஷம் பழகிய பிறகு, எனக்கு அந்தக் குதிரையின் பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. கடிவாளத்தைக் கண்டதும் பல்லைக் கடித்துக்கொள்கிற குதிரைக்கு, முன்பு அது வாயில் என்ன செய்தது என்று நினைவிருக்கிறது.

நடை, ட்ராட் (துள்ளு நடை), கேன்டர் (மிதமான பாய்ச்சல்) மூன்றிலும் விழாமல் உட்கார வந்துவிட்டது, ஆனால் குதிரை கையை மீறிப் போனால் என்ன செய்வதென்று தெரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹெல்மெட் இல்லாமலும், பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் இல்லாமலும் இதில் எதையும் செய்து பார்க்காதீர்கள்.

என் குதிரை சுடர், பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்). ஏழு வயது, ஏறத்தாழ 450 கிலோ. கேன்டரில் பத்து எட்டு வைப்பதற்குள் கழுத்தை நீட்டி பிட்டின் (கடிவாளத்தில் வாய்க்குள் போகும் இரும்பு) மேல் சாய்ந்துவிடுவான். நான் பின்னால் சாய்ந்து, பிட்டிலிருந்து கைக்கு வரும் இரண்டு வாரையும் இழுப்பேன். அவன் இன்னும் வேகம் எடுப்பான். விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார் என்று முறுக்குக் கம்பி பிட்டுக்கு மாற்றினேன். முதல் நாள் நின்றான். இரண்டாவது வாரம் தலையை மேலே தூக்கிக்கொண்டு கண்மண் தெரியாமல் ஓடினான். இறங்கிப் பார்த்தபோது வாயோரம் கிழிந்து, நுரையில் ரத்தம் கலந்திருந்தது. அதைச் செய்தது என் கை. அன்றோடு அந்தப் பிட்டைக் கழற்றிவிட்டேன். பிறகு ஐந்து மாதம் சுடரோடு செய்ததைத்தான் கீழே சொல்கிறேன்.

முதலில், ஏன் இழுக்கிறது?

பந்தய ஓட்டத்தில் ஜாக்கி வாரைக் குட்டையாகப் பிடித்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கழுத்துக்குக் குறுக்கே வைத்துக்கொள்வார். குதிரை அந்தப் பிடியில் சாய்ந்துகொண்டே ஓடப் பழகுகிறது. அப்படிப் பழகிய குதிரையிடம் நாம் பயந்துபோய் வாரை இறுக்கினால், அதன் காதில் விழுவது "ஓடு" என்பதுதான். சுடர் அடங்காதவன் இல்லை. கற்றுக்கொடுத்ததைச் சரியாகச் செய்துகொண்டிருந்தான்.

இன்னொரு காரணம் வாயின் அமைப்பு. குதிரைக்கு முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. பிட் உட்காருவது அங்கேதான். அங்கே ஈறு மெல்லியது, அதற்கடியில் நேராக எலும்பு. உங்கள் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல் ஒரு சாவியை வைத்து அழுத்திப் பாருங்கள், ஓரளவு புரியும். வலி வந்தால் ஓடித் தப்பிப்பது மேய்ச்சல் விலங்கின் பிறவிக் குணம். கடுமையான பிட்டை மாட்டி இழுக்கும்போது, ஓடுவதற்கு இன்னொரு காரணத்தையும் நாமே கொடுக்கிறோம்.

முள் கடிவாளத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வண்டிக் குதிரைகளுக்கும் கல்யாண ஊர்வலக் குதிரைகளுக்கும் அதை இன்னும் மாட்டுகிறார்கள். முள்ளோ குமிழோ வைத்த பிட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்தியாவில் 1965-ஆம் ஆண்டு விதிகளிலேயே தடை இருக்கிறது. யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

படி 1: வலி இருக்கிறதா என்று பாருங்கள்

குதிரையின் பல் வாழ்நாளில் பெரும்பகுதி வளர்ந்துகொண்டே இருக்கும். மேல் கடைவாய்ப் பல்லின் வெளி விளிம்பும், கீழ்ப்பல்லின் உள் விளிம்பும் கத்தி போலக் கூராகிவிடும். பிட் இழுபடும்போது கன்னத்துச் சதை அதில் உரசும். கால்நடை மருத்துவரை வைத்து ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்த்து அரம் போடச் சொல்லுங்கள். கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சின்னதாக 'ஓநாய்ப் பல்' முளைத்திருந்தால் அதையும் காட்டுங்கள்.

பிறகு முதுகு. சேணத்தை இறக்கியதும் வியர்வை படிந்திருப்பதைப் பாருங்கள். சுற்றிலும் நனைந்து, நடுவில் ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால் சேணம் அங்கே அழுத்துகிறது என்று சந்தேகப்படலாம். வலியோடு இருக்கும் குதிரைக்கு எந்தப் பயிற்சியும் ஏறாது. இதை முடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: தீனியும் ஓட்டமும்

நாளெல்லாம் லாயத்தில் கட்டி வைத்து, கொள்ளும் ஓட்ஸும் நிறையப் போட்டு, சாயங்காலம் அரை மணி நேரம் ஏறினால் எந்தக் குதிரையும் இழுக்கும். தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். 450 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 7 முதல் 9 கிலோ காய்ந்த புல் தேவை. ஏறுவதற்கு முன் வேலி போட்ட இடத்தில் கொஞ்ச நேரம் அவிழ்த்து விடுங்கள்.

படி 3: என்ன மாட்டுவது?

மழமழப்பான சாதாரண ஸ்னாஃபிள் (நெம்புகோல் இல்லாத எளிய பிட்) போதும். தடித்த பிட்தான் மென்மையானது என்பார்கள். வாய் சிறியதாக, நாக்கு தடித்ததாக இருந்தால் அதுவே நாக்கை நசுக்கும். குதிரையின் வாயைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மூக்குப் பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். கழுத்தில் ஒரு பழைய தோல் வாரைத் தளர்வாகக் கட்டி வையுங்கள். தடுமாறும்போது அதைப் பிடித்துக்கொண்டால் வாயில் தொங்க மாட்டீர்கள்.

படி 4: தரையில் நின்று கற்றுக்கொடுங்கள்

என் கருத்தில் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். தலைக்கயிறு மட்டும் போட்டு, கழுத்தை ஒட்டி நில்லுங்கள். கயிற்றைத் தாடைக்குக் கீழே பிடித்து, குதிரையின் மார்பை நோக்கி ஒரு டம்ளரைத் தள்ளுகிற அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். இழுக்காதீர்கள், ஆட்டாதீர்கள். அப்படியே காத்திருங்கள்.

சுடர் முதல் நாள் என் கைக்கு எதிராகத் தலையைத் தள்ளினான். நான் அழுத்தத்தைக் கூட்டவும் இல்லை, விடவும் இல்லை. அரை நிமிஷம் போயிருக்கும். ஒரு காது என் பக்கம் திரும்பியது. தோள் லேசாகப் பின்னால் சாய்ந்தது, கால் இன்னும் எழவில்லை. அந்த நொடியில் விரலைத் திறந்துவிட்டேன். நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டு தலையைத் தாழ்த்தினான். மூன்றாவது முறை கயிற்றைத் தொட்டதுமே ஓரடி பின்னால் வைத்தான்.

குதிரை கற்றுக்கொள்வது அழுத்தத்திலிருந்து அல்ல, அது விலகுகிற நொடியிலிருந்து. ஒரு நொடி தாமதமானால், எதற்காக விட்டீர்கள் என்று அதற்குப் புரியாது. தினமும் பத்து நிமிஷம், இரண்டு வாரம்: நடப்பது, நிற்பது, பின்னால் போவது. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அழுத்தத்துக்கு முன்னால் "ஹோ..." என்று ஒரே குரலில் நீட்டிச் சொல்லுங்கள். கொஞ்ச நாளில் குரலுக்கே நிற்கும்.

படி 5: ஏறிய பிறகு, கைக்கு முன் உடம்பு

வேலி போட்ட மணல் திடலில், நடையில் தொடங்குங்கள். நிறுத்த வேண்டும் என்றால் முதலில் மூச்சை வெளியே விடுங்கள். இடுப்பு குதிரையோடு ஆடுவதை நிறுத்துங்கள். "ஹோ" சொல்லுங்கள். இவ்வளவுக்கும் பிறகு நிற்கவில்லை என்றால் மட்டும், ஈரத் துணியைப் பிழிவது போல வாரின் மேல் விரலை மூடுங்கள். நின்றதும், ஏன், வேகம் குறையத் தொடங்கியதுமே, விரலைத் திறந்துவிடுங்கள்.

இரண்டு வாரையும் விடாமல் பிடித்து இழுக்கக் கூடாது என்பது இதனால்தான். நீங்கள் இழுத்துப் பிடித்தால் குதிரைக்குச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் கிடைத்துவிடுகிறது. 450 கிலோவோடு கயிறிழுக்கும் போட்டியில் ஜெயிக்க முடியாது. பிடியுங்கள், உடனே தளர்த்துங்கள்; மறுபடி பிடியுங்கள், தளர்த்துங்கள். சாய இடமில்லை என்றால் அது தன் பாரத்தைத் தானே சுமக்கப் பழகும்.

ட்ராட்டில் வேகம் கூடினால் 20 மீட்டர் வட்டத்துக்குத் திருப்புங்கள். அப்படியும் அடங்காவிட்டால் வட்டத்தை மெல்ல மெல்ல 12 மீட்டர் வரை சுருக்குங்கள். வளைவில் ஓட உடம்பைச் சமன்படுத்த வேண்டியிருப்பதால் வேகம் தானாகவே குறையும். பத்து எட்டு ட்ராட், ஐந்து எட்டு நடை, நிற்பது, மறுபடி ட்ராட் என்று மாற்றிக்கொண்டே இருங்கள். அடுத்து என்ன சொல்வார்களோ என்று குதிரை உங்கள் பக்கம் காதைத் திருப்பி வைத்திருக்கும். இருபது நிமிஷம் நிம்மதியாக ட்ராட் வந்த பிறகுதான் கேன்டர். சுடருக்கு அதற்கு இரண்டரை மாதம் ஆனது.

படி 6: உண்மையிலேயே ஓட ஆரம்பித்தால்

இதை நின்ற இடத்திலும் நடையிலும் பழகி வையுங்கள். ஓடும்போது யோசிக்க நேரம் இருக்காது. இரண்டு வாரையும் குட்டையாக்குங்கள். ஒரு கையைப் பிடரியோடு சேர்த்துக் கழுத்தின் மேல் அழுத்தி ஊன்றுங்கள். இன்னொரு கையால் மேலும் பின்னுமாக ஒரு முறை இழுத்து, உடனே விடுங்கள். தேவைப்பட்டால் மறுபடி. ஊன்றிய கை இருப்பதால் தலை ஒரு பக்கமாகத் திரும்பாது. முழு வேகத்தில் ஒரு வாரை மட்டும் இழுத்துத் தலையை முழங்கால் பக்கம் வளைப்பது ஆபத்து. குதிரை கால் தடுக்கி உங்களோடு சேர்ந்து விழக்கூடும். இது அவசரத்துக்கு மட்டும்தான். தினமும் தேவைப்பட்டால் படி 4-க்குத் திரும்புங்கள்.

படி 7: திடலுக்கு வெளியே

முதல் சில முறை அமைதியான வயதான குதிரை ஒன்றின் பின்னால் போங்கள். ஒரே இடத்தில் தினமும் கேன்டர் விடாதீர்கள். நான்காம் நாள் நீங்கள் சொல்லாமலே அங்கே கிளம்பும். லாயத்தின் பக்கம் திரும்பும்போதுதான் பெரும்பாலும் இழுக்கும். அந்த இடத்தில் நான் இறங்கிவிடுவேன். அங்கவடியை மேலே ஏற்றி, வயிற்றுப்பட்டையை ஓர் ஓட்டை தளர்த்தி, சுடரோடு நடந்தே வருவேன். வந்ததும் கடிவாளத்தைக் கழற்றி, ஈரக் கையால் இரண்டு வாயோரத்தையும் தடவிப் பார்ப்பேன். சிவப்போ காய்ப்போ தட்டுப்பட்டால் மறுநாள் பிட் கிடையாது, தலைக்கயிறு மட்டும்தான்.