பீங்கான் கோப்பையில் பெயரும் பொன்கோடும்

செங்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையை அடைத்துக் கட்டிய அறைதான் பட்டறை. அப்பா அங்கே நாற்பது வருஷம் பீங்கானில் வண்ணம் தீட்டினார். எண்ணெய்ப் பக்குவம் அம்மா பொறுப்பு. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம் சூளை என் கைக்கு வந்தது, இன்றும் என் கையில்தான் இருக்கிறது. சின்ன மின்சூளை உள்ள யாரும் ஒரு கோப்பையில் பெயர் எழுதி, அதன் கீழே பொன்கோடு இழுக்கலாம். எப்படி என்று சொல்கிறேன்.

கடையில் வாங்கும் வெள்ளைப் பீங்கான் சுமார் 1300 டிகிரியில் வெந்து வந்தது. நாம் அதன் கிளேஸுக்கு, அதாவது பளபளக்கும் கண்ணாடிப் பூச்சுக்கு, மேலே தீட்டி, 800 டிகிரியை ஒட்டி மறுபடி சுடுகிறோம். வண்ணப்பொடியில் நிறம் தரும் உலோக ஆக்சைடோடு, சீக்கிரம் உருகும் கண்ணாடிப் பொடியும் கலந்திருக்கும். அந்தக் கண்ணாடிதான் உருகி நிறத்தைக் கோப்பையில் பிடித்து வைக்கிறது. ஈயம், காட்மியம் இல்லாத பொடியாகக் கேட்டு வாங்குங்கள். அப்படி வாங்கினாலும் கோப்பையின் உட்புறத்தில் தீட்டாதீர்கள். வெளியேயும் விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் விட்டுத்தான் தொடங்க வேண்டும், உதடு படும் இடம் அது.

முதலில் கோப்பையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, அப்புறம் கைப்பிடியை மட்டும் பிடியுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் வண்ணம் சுருங்கி நிற்கும்.

இனி பொடியைக் குழைக்கும் எண்ணெய். இந்த வேலையில் பாதி இதுதான். அம்மா டர்பன்டைனை அகலத் தட்டில் ஊற்றி, மல்துணியால் மூடி, பல வாரம் வைத்துக் கெட்டியாக்குவார். அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கண்ணாடிப் பலகையில் பொடியைக் கொட்டி, கெட்டி எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கண்ணாடிக் குழவியால் நெறுநெறுப்புப் போகும்வரை அரையுங்கள். சீக்கிரம் காயாமல் இருக்க ஒரு துளி கிராம்புத் தைலம் போதும். பொடியை ஊதாதீர்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

பதம் பார்க்க ஓர் ஓட்டுத் துண்டில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஓரம் கசிந்து பரவினால் எண்ணெய் அதிகம். தூரிகை இழுபட்டு நின்றால் குறைவு. காய்ந்த பிறகு கோடு முட்டை ஓடு மாதிரி மங்கலாக இருக்க வேண்டும். ஈரம் போலப் பளபளத்தால் சூளையில் கொப்புளம் வரும். அப்பா இந்தச் சோதனைக் கோடு இல்லாமல் ஒரு கோப்பையைக்கூடத் தொட்டதில்லை.

எழுத்துக்கு மெல்லிய தூரிகை வேண்டும். பென்சிலால் லேசாக வரைந்துகொண்டால் அது தீயில் போய்விடும். செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால் அப்பாவுக்கு மலையாள எழுத்தும் கைவந்தது. புனலூரிலிருந்து ஓணத்துக்கு வரும் ஆர்டர்களில் அவர் எழுதிய உருண்டை எழுத்துகள் கோப்பையின் வளைவோடு அழகாகப் பொருந்தும். தமிழில் ‘ழ’வின் வால் வளைவில் வழுக்கப் பார்க்கும். அதை மட்டும் கோப்பையைத் திருப்பிவைத்து எழுதுங்கள்.

அதிகச் சூடு கேட்கும் நிறத்தை முதலில் சுட வேண்டும். தங்கத்திலிருந்து செய்யும் ரோஜா நிறம் சூடு போதாவிட்டால் அழுக்குப் பழுப்பாகும், மிஞ்சினால் ஊதாவாகும். பொன்கோடு எப்போதும் கடைசித் தீயில்தான். அதற்கான திரவத் தங்கம் பாட்டிலில் பழுப்பாக இருக்கும், சுட்ட பிறகுதான் பொன்னாகும், பயப்பட வேண்டாம். கோப்பையைச் சுழல்தட்டின் நடுவில் வைத்து, நீள முடித் தூரிகையை அசையாமல் பிடித்து, தட்டைச் சுற்றுங்கள். கையை நகர்த்தாதீர்கள். தங்கத்துக்கென்று தனித் தூரிகை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கினால் எங்கள் ஊரில் சுவர்கூட வியர்க்கும். அந்த ஈரத்தில் தங்கம் புள்ளி புள்ளியாக வரும். மழை விட்ட மதியத்தில் மட்டும் தங்கம் தொடுவோம்.

சூளையில் கோப்பைகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. முதல் 450 டிகிரி வரை மணிக்கு 100 டிகிரிக்கு மேல் ஏற்றாமல், மேல் துளையைத் திறந்தே வையுங்கள். எண்ணெய் எரிந்து புகையாக வெளியேற வேண்டும். ஒரு கல்யாண ஆர்டரில் அறுபது கோப்பைகளைச் சூளையில் வைத்து, மழைக்குப் பயந்து 300 டிகிரியிலேயே துளையை அடைத்துவிட்டேன். உள்ளே தங்கிய புகையில் தங்கம் மங்கி, ஊதாக் கறை படிந்து வந்தது. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. “எண்ணெய் போறதுக்கு வழி விடணும், தாயி” என்றார். அறுபதையும் புதிதாக வாங்கி மறுபடி எழுதினோம்.

வண்ணத்துக்கு நான் 800 வைப்பேன், தங்கத்துக்கு 760. உங்கள் பொடியிலும் பாட்டிலிலும் போட்டிருப்பதையே பின்பற்றுங்கள். உச்சச் சூட்டில் பத்து நிமிஷம் நிறுத்தி அணைத்துவிடுங்கள். மறுநாள் காலை 100 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே கதவைத் திறக்க வேண்டும்.

பொன்கோடு போட்ட கோப்பையை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், பொறி பறக்கும். கழுவும்போது புளி, சாம்பல், தேங்காய் நார் எதுவும் வேண்டாம். மெல்லிய துணியும் சோப்புத் தண்ணீரும் போதும்.